குழாய் முடியும் இடம்

பம்பாய் செம்பூரில் என் மகன் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருப்பவர் குவைத்திலிருந்து துணி காயவைக்கும் மெஷின் ஒன்று கொண்டுவந்திருக்கிறார். அதைப் பொருத்த வந்த இரண்டு பேரும் நான் வேலை பார்த்த பட்டறையில் எனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள். மெஷினின் முதுகிலிருந்து மடிப்பு மடிப்பாக ஒரு குழாய் வருகிறது. ஈரக்காற்று அதன் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அதை ஜன்னல் வழியாக வெளியே விடுவதா, குளியலறைக்குள்ளேயே ஒரு பக்கெட் தண்ணீருக்கு மேல் விட்டால் போதுமா என்று அவர்களுக்குச் சந்தேகம். கீழே இறங்கிவந்து என்னைக் கேட்டார்கள்.

"வெளியே விடுங்க" என்றேன்.

"வெளியேன்னா எங்க அண்ணாச்சி? அந்த ஜன்னல்ல விட்டா பக்கத்து வீட்டு கிச்சனுக்குள்ள போகுது. இந்த ஜன்னல்ல விட்டா கீழ் வீட்டு பால்கனி. உள்ளயே விட்டுட்டா ஒரு சண்டையும் இல்ல."

முட்டி வலியோடு மாடியேறிப் போய், சமையலறைப் பக்கமும் இல்லாமல் பால்கனிப் பக்கமும் இல்லாமல் ஓர் இடத்தைக் காட்டிவிட்டு வந்தேன். வந்து உட்கார்ந்த பிறகு, இதில் இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது என்று அவர்கள் கேட்டார்கள். சொன்னேன். எழுதி வையுங்கள் என்றார்கள். அதனால் எழுதுகிறேன்.

இரண்டாம் உலகச் சண்டைக்காலத்தில் நான் தாராவிக்கு வந்து சேர்ந்தேன். திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள் தோல் வேலைக்குப் போனார்கள். எனக்கு அந்த வாடை ஒத்துவரவில்லை. மாட்டுங்காவில் ஒரு பார்சி சேட்டின் தகரப் பட்டறையில் இடம் கிடைத்தது. தகரம் வெட்ட, மடிக்க, ஈயம் பற்றவைக்க ஒரு வருடத்தில் பழகிவிட்டேன். அதற்குமேல் அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. கை நிறையத் தழும்பு வாங்கினேன்.

பட்டறையில் நாங்கள் செய்த சாமான்களில் ஒன்று சூட்டலமாரி. இப்போது யாருக்கும் தெரியாது. ஆள் உயரத்துக்கு ஒரு மர அலமாரி, உள்ளே முழுக்கத் தகரம் அடித்திருக்கும். குறுக்கே கம்பிகள். அடியில் இரும்புப் பெட்டி ஒன்றை இழுத்து, பால்கனியில் பற்றவைத்துப் புகையடங்கிய கரிக்கங்கை அதில் கொட்டித் தள்ளிவிட வேண்டும். பெட்டிக்கு மேலே ஓட்டை போட்ட தகடு இருப்பதால் பொறி துணியில் படாது. சூடு மேலே ஏறித் துணியின் ஈரத்தை எடுத்துக்கொண்டு, அலமாரியின் கூரையிலிருக்கும் குழாய் வழியாக வெளியே போகும். மழைக்காலம் முழுக்க ஆஸ்பத்திரிகளுக்கும், கைக்குழந்தை இருக்கும் வசதியான வீடுகளுக்கும் அதுதான் கதி.

அலமாரியை யாரும் செய்துவிடலாம். குழாயைப் பொருத்துவதுதான் வேலை. அந்த வேலைக்கு எங்கள் மேஸ்திரி செல்லையா அண்ணாச்சி. அவரும் தாராவிதான், மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளுமாக ஓர் அறையில் இருந்தார். அதிகம் பேசமாட்டார். திட்டவே மாட்டார். நாம் செய்த வேலை கோணலாக இருந்தால் பக்கத்தில் வந்து குந்தி, ஒரு வார்த்தை சொல்லாமல் தானே அதைப் பிரிக்க ஆரம்பிப்பார். திட்டியிருந்தால் தேவலை என்று தோன்றும்.

பொருத்தி முடித்ததும் அவர் ஒரு சோதனை வைப்பார். கங்கைப் போட்டு, அறையின் கதவு ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டு, அலமாரிக்குப் பக்கத்தில் தரையில் தானே உட்கார்ந்துகொள்வார். ஒரு பீடியைப் பற்றவைத்து, அதைக் குடிக்காமல், குழாயின் ஒவ்வொரு இணைப்புக்கும் அருகே பிடித்துக்கொண்டு போவார். பீடிப் புகை இணைப்பின் இடுக்குக்குள் இழுக்கப்பட்டால் குழாய் மூச்சு விடுகிறது என்று அர்த்தம். புகை விலகி அறைக்குள் வந்தால் குழாய் அடைத்திருக்கிறது, அல்லது வெளிக்காற்று எதிர்த்துத் தள்ளுகிறது. பம்பாயில் மழைக்காற்று கடல் பக்கமிருந்து அடிப்பதால் குழாயின் வாய் ஒருபோதும் அந்தத் திசையைப் பார்க்கக்கூடாது. சோதனை முடியும்வரை அந்த வீட்டில் காப்பி கொடுத்தாலும் வாங்கமாட்டார்.

எல்லா வீட்டிலும் கேட்பது ஒரே கேள்விதான். குழாயை எதற்கு வெளியே விட வேண்டும், மழைக்கு வீடு கதகதப்பாக இருந்துவிட்டுப் போகட்டுமே, சுவரில் ஓட்டை போட்டால் வீட்டுக்காரன் கத்துவான். ஒரு வீட்டில் பெரியவர் பிடிவாதமாக நின்றார். அண்ணாச்சி விவாதம் பண்ணவில்லை. "அப்ப வேண்டாம்யா" என்று சொல்லிவிட்டு, அலமாரியைத் திரும்பத் தூக்கச் சொன்னார். கொட்டும் மழையில் நான்கு பேராகத் தலையில் சுமந்து பட்டறைக்குக் கொண்டுவந்தோம். சேட் கோபித்துக்கொண்டார். அண்ணாச்சி தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். இன்னொரு வீட்டில் நாங்கள் போன பிறகு குழாயைப் பிடுங்கிவிட்டு ஓட்டையை அடைத்துக்கொண்டார்கள். அடுத்த மாதம் போனபோது சுவரெல்லாம் பச்சைப் பூசணம். கல்யாணப் பட்டுப்புடவைகள் பெட்டிக்குள்ளேயே புள்ளி விழுந்து கிடந்தன. உயிர் போகவில்லை, அந்த மட்டுக்கும் பரவாயில்லை என்று அண்ணாச்சி வரும் வழியில் சொன்னார்.

கரிக்கங்கிலிருந்து வரும் காற்றுக்கு நிறம் கிடையாது, வாடையும் அதிகம் இல்லை. மூடின அறையில் அதை மூச்சில் இழுத்தவருக்குத் தூக்கம்தான் வரும். அது எங்களுக்குத் தெரியும். அதனால்தான் வெளியே, வெளியே என்று அடித்துக்கொண்டோம்.

மாட்டுங்காவில் ராமநாதன் என்பவர் வீட்டு வேலை அப்படி வந்தது. பாலக்காட்டுக்காரர். கோட்டைப் பக்கம் ஓர் ஆபீசில் குமாஸ்தா. அவர் மனைவி கமலத்துக்குத் தலைப்பிரசவமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. மழை பிடித்துக்கொண்டுவிட்டது. குழந்தைத் துணிகள் வீடு முழுக்கத் தொங்கின. ராமநாதனின் அம்மா அவற்றைக் கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஒண்ணாவது காயறதா பாருங்கோ. பச்சக்கொழந்தைக்கு ஈரத்துணியக் கட்ட முடியுமோ?" என்று எங்களிடம் முறையிட்டார்.

அலமாரியைக் கமலம் படுத்திருந்த உள்ளறையில்தான் வைக்க முடிந்தது. தெருப்பக்கச் சுவரில் ஓட்டை போடக் கட்டிடக்காரர் சம்மதிக்கவில்லை. மொட்டைமாடி வரைக்கும் குழாயைக் கொண்டுபோகலாம் என்றால் சண்டையால் தகரத்துக்குக் கன்ட்ரோல். சேட் அவ்வளவு தகரம் தரமாட்டார். மிஞ்சியது உள்சந்து. கட்டிடத்தின் நடுவில் காற்றுக்காக விட்டிருந்த கிணறு போன்ற இடம் அது. உள்ளறை ஜன்னலுக்கு மேலே ஓட்டை போட்டு, குழாயைச் சந்துக்குள் நீட்டி, வாயை மேல்நோக்கி வளைத்து முடித்தோம். மூலையில், கை எட்டுகிற தூரத்தில், பக்கத்து வீட்டு ஜன்னல் இருந்தது.

அண்ணாச்சி சோதனை வைத்தார். பீடிப் புகை அழகாக இழுத்தது. அவர் எழுந்து ஜன்னலைத் திறந்தபோது பக்கத்து வீட்டிலிருந்து இருமல் கேட்டது. வயதானவர் இருமல், முடிவதாகத் தெரியவில்லை. அண்ணாச்சி குழாயின் வாயையும் அந்த ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி?"

"ஒண்ணுமில்ல. புகை வெளிய போயிட்டு. போதும்" என்றார். கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வந்தோம்.

அந்தப் பக்கத்து வீட்டில் இருந்தவர்கள் பர்வதம் மாமியும் அவர் கணவரும். பிள்ளைகள் இல்லை. மாமாவுக்கு இழுப்பு. மழைக்காலத்தில் அவருக்கு அந்தச் சந்து ஜன்னல்தான் மூச்சு. கட்டிலை அதன் அடியில் போட்டிருந்தார்கள். அந்த வருடம் நல்ல கரி கிடைக்கவில்லை. ராமநாதன் வீட்டில் கரித்தூளை உருண்டை பிடித்து எரித்தார்கள். அதில் புகை அடங்கவே அடங்காது. மாமி இரண்டு தடவை வந்து, தாழ்மையாகத்தான், சொல்லிப் பார்த்திருக்கிறார். "கொழந்தைத் துணி மாமி, என்ன பண்றது?" என்று இந்த வீட்டில் பதில் சொல்லியிருக்கிறார்கள். அதுவும் நியாயம்தான். இதெல்லாம் எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

ஒரு நாள் மதியம் ராமநாதனின் ஆபீஸ் பியூன் பட்டறைக்கு ஓடிவந்தான். நானும் அண்ணாச்சியும் போனோம். கமலம் பால்கனியில் கிடத்தப்பட்டிருந்தாள். முகம் சிவந்து, வாயோரம் வாந்தி. டாக்டர் பக்கத்தில் இருந்தார். குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கக் கூடத்துக்கு எடுத்துப் போயிருந்ததால் அது தப்பித்தது. பாலுக்கு அழுதபோது மாமியார் உள்ளறைக் கதவைத் திறந்திருக்கிறார். எழுப்பினால் எழவில்லை. தனியாளாக அந்த அம்மாள் மருமகளைத் தரையோடு இழுத்து வெளியே கொண்டுவந்திருக்கிறார். பிரசவித்த உடம்புக்குக் காற்று படக்கூடாது என்று ஜன்னலைச் சாத்தி வைத்திருந்தார்கள்.

உயிர் இருந்தது. கண்ணைத் திறந்து, தலையைப் பிடித்துக்கொண்டு முனகினாள்.

அண்ணாச்சி உள்ளறைக்குள் போனார். கங்குப் பெட்டியை இழுத்து என்னிடம் கொடுத்துத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். ஜன்னல் வழியாக எக்கி, குழாயின் வளைந்த வாய்க்குள் கையை விட்டார். ஒரு துணி வந்தது. ஒன்பது கஜம் புடவையின் கிழிசல், அரக்கு நிறம், நனைத்துச் சுருட்டி நன்றாகத் திணிக்கப்பட்டிருந்தது. பக்கத்து ஜன்னல் ஓரத்தில் மடிக்கோல் சாத்தியிருந்தது. மடித்துணியைத் தொடாமல் கொடியில் போடுகிற நீளக் கம்பு. அதன் நுனி கரியாக இருந்தது. ஜன்னலுக்குள் பர்வதம் மாமி நின்றார். எங்களைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. அப்படி ஒரு முகத்தை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

அண்ணாச்சி துணியைச் சாமான் பைக்குள் போட்டு மூடினார். அந்த நேரம் ராமநாதன் உள்ளே வந்தார்.

"எப்படி ஆச்சு? நீங்கதானே சோதனை பண்ணினேள்? போலீசுக்குப் போகப்போறேன் நான்."

"காக்கா கூடுய்யா" என்றார் அண்ணாச்சி. "குழாய் வாய்ல கம்பி வலை போட்டிருக்கணும். நான் போடல. தப்பு எம்மேலதான்."

வெளியே வந்து, தாராவிப் பாதையில் நடக்க ஆரம்பித்ததும் கேட்டேன்.

"ஏன் அண்ணாச்சி பொய் சொன்னீக? அந்தம்மா பண்ணின காரியத்துக்கு நம்ம தலைய ஏன் குடுக்கணும்?"

"போலீசு வந்து அந்தக் கெழவியக் கூட்டிட்டுப் போனா, இழுப்புக்காரனுக்கு யாரு தண்ணி குடுப்பா?"

"அந்தப் பொண்ணு செத்திருந்தா?"

"மாடசாமி, அந்தம்மா கொல்லணும்னு செய்யல. புகை வராம இருக்கணும்னு செஞ்சா. நான் என்ன செஞ்சேன்? குழாய அந்த மனுசன் மூக்குக்கு நேரா வச்சேன். இருமல் கேட்டுச்சு. கேட்டுக்கிட்டே வெளிய போயிட்டுன்னு சொன்னேன். எனக்கு அது வெளிய. அவுகளுக்கு அது வீடு. காக்கா கூடுன்னது பொய்தான். என் தப்புன்னு சொன்னது பொய்யில்ல."

ராமநாதன் போலீசுக்குப் போகவில்லை, சேட்டிடம் போனார். சேட் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். அண்ணாச்சி அதே காக்கா கூட்டைச் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை. குழாயில் துணி இருந்தது சேட், நான் கண்ணால் பார்த்தேன் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொல்லிவிட்டேன். அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "பையன் எம்மேல உள்ள பிரியத்துல சொல்லுதான்" என்றார். தனக்கு எதிராக ஒருவன் பொய் சொல்வான் என்று சேட்டுக்கு எப்படித் தோன்றும்? அவர் அண்ணாச்சியைத்தான் நம்பினார். அந்த வீட்டு வேலையைச் சரிசெய்து கொடுத்துவிட்டு மாதக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொன்னார். பட்டறை பெயர் கெட்டுவிட்டது என்று அவருக்கு வருத்தம். கெட்ட மனிதர் இல்லை அவர்.

அந்த மாதம் முழுக்க நான் அண்ணாச்சியோடு சரியாகப் பேசவில்லை. பேசாமலே வேலை செய்தோம். சேட் தகரம் தரமாட்டேன் என்றதும், அண்ணாச்சி மண்ணெண்ணெய் டின்களைச் சேர்த்து, வெட்டி, அடித்துத் தட்டையாக்கி, உருட்டி, துண்டு துண்டாகக் குழாய் செய்தார். மழை கொஞ்சம் விட்ட நாட்களில் சந்தில் சாரம் கட்டி, ராமநாதன் வீட்டு ஜன்னலிலிருந்து மொட்டைமாடிக்கு மேலே ஆள் உயரம் வரை குழாயை ஏற்றினோம். கட்டிடக்காரர் இந்தத் தடவை ஒன்றும் சொல்லவில்லை.

குழாய் மூலையில் ஏறியதால், ஓர் இரும்புப் பட்டையைப் பர்வதம் மாமியின் ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் அடிக்க வேண்டியிருந்தது. நான் மேலே நின்று கயிற்றைப் பிடித்திருந்தேன். அண்ணாச்சிக்குக் கை போதவில்லை. ஜன்னலைத் தட்டினார்.

"அம்மா, இந்தக் குழாயக் கொஞ்சம் பிடிச்சுக்கிடுதீகளா? ஆணி அடிக்கணும்."

மாமி வந்தார். வெளியே இரண்டு கையையும் நீட்டிக் குழாயைப் பிடித்துக்கொண்டார். டின்னின் பழைய எண்ணெயும் கரியும் அவர் கையில் அப்பியது. மடியாக இருக்கும் மனுஷி. எங்கள் மாதிரி ஆட்கள் தொட்ட சாமான் அது. அவர் கையை எடுக்கவில்லை. உள்ளே மாமா கட்டிலில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

அண்ணாச்சி கடைசி ஆணியை அடித்து முடித்தார்.

"இனிமே எங்காத்துக்குப் பொக வராதோ?" என்று மாமி கேட்டார்.

"வராதும்மா."

"அந்தப் பொண்ணாத்துக்கு?"

"அங்கயும் வராது."

மாமி குழாயை விட்டார். ஏதோ சொல்ல வந்தவர் போல நின்றார். அண்ணாச்சி அதற்குள் சுத்தியலை இடுப்பில் செருகிக்கொண்டு மேலே ஏறத் தொடங்கிவிட்டார்.

மாதக் கடைசியில் அவர் அம்பர்நாத்தில் ஒரு தொழிற்சாலைக்குப் போனார். மேஸ்திரியாக இல்லை, சாதாரணத் தகர வேலைக்காரனாக, ஷிப்ட் முறையில். குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். குழாய் பொருத்தும் வேலை எனக்கு வந்தது. எனக்குக் கிடைத்த ஏற்றம் அப்படிக் கிடைத்தது. நானும் வீடு வீடாகப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, பீடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு வீட்டிலும் அதே கேள்வி. நான் வெளியே என்றால் அக்கம்பக்கம் சண்டைக்கு வரும். முடியாது என்று நான் அலமாரியைத் திருப்பிக் கொண்டுபோனால், வேறு பட்டறைக்காரன் வந்து உள்ளேயே விட்டுப் பொருத்திவிட்டுப் போவான். அந்த வீடுகளைக் கடந்து போகும்போது ஜன்னல் திறந்திருக்கிறதா என்று என்னையறியாமல் பார்ப்பேன். அப்படிப் பார்த்துப் பார்த்தே எனக்கு அலுத்துவிட்டது. நம்மால் எல்லா ஜன்னலையும் திறந்து வைக்க முடியாது.

ராமநாதன் வீட்டுக் குழாயை மட்டும் மழைக்கு முன்னால் போய்த் தட்டிப் பார்த்துவிட்டு வருவேன். யாரும் சொல்லவில்லை, நானாகப் போனேன். சண்டை முடிந்து, சுதந்திரமும் வந்த பிறகு ஒரு வருடம் போனபோது கமலம் தனியாக இருந்தாள். மாமியார் பாலக்காட்டுக்குப் போயிருந்தார். நான் மொட்டைமாடியிலிருந்து இறங்கி வந்ததும் மோர் கொடுத்தாள். குழாயைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்:

"அன்னிக்குக் குழாயில காக்காக் கூடு இல்லை, இல்லையா?"

நான் மோரைக் குடித்துக்கொண்டே இருந்தேன்.

"நான் படுத்துண்டிருந்த எடத்துக்கு நேர் மேலே குழாய். என்னமோ குத்தறாப்ல சத்தம் கேட்டது. கொஞ்ச நாழியில மாமாவோட இருமல் அடங்கித்து. எத்தனையோ நாளா ராத்திரி பகலா அந்த இருமல்தான். அப்பாடா, மாமி எப்படியோ நம்ம பொகைய நிறுத்திட்டான்னு இருந்தது. இனிமே கொஞ்சம் தூங்கலாம்னு நெனச்சிண்டு கண்ண மூடினேன்." அவள் டம்ளரை வாங்கிக்கொண்டாள். "எழுந்து போய்ப் பாத்திருக்கலாம். பாக்கலை. அப்புறம் நான் யாரைச் சொல்றது?"

"மாமிகிட்ட கேட்டீங்களா?"

"எதுக்கு? மாமா போன வருஷம் தவறிப் போயிட்டார். மாமி தெனமும் இங்கதான் வந்து உக்காந்துண்டிருக்கா. ஒருநாளும் அவளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை."

அடுத்த விடுமுறை நாளில் கல்யாண் போய் வண்டி மாறி அம்பர்நாத் போனேன். பேசாமல் இருந்த அந்த ஒரு மாதம் என் மனதில் கிடந்தது. அண்ணாச்சி தொழிற்சாலை லைன் வீட்டில் ஒரு பாயில் படுத்திருந்தார். மூத்த பெண்ணுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. அவர் தலை முழுக்க நரைத்து, காதும் மந்தமாகியிருந்தது. நாள் முழுக்க அந்த மெஷின் சத்தத்தில் நிற்கிறார். கமலம் சொன்னதை ஒன்று விடாமல், சத்தம் போட்டு, இரண்டு தடவை சொன்னேன். அந்தப் பெண்ணுக்கே தெரியும், நீங்கள் பொய் சொல்லியிருக்க வேண்டியதே இல்லை, வேலையும் போயிருக்காது என்றேன்.

அவர் பாயில் எழுந்து உட்கார்ந்தார்.

"அந்தப் பொண்ணுக்கு அப்ப ஒரு தலைவலி இருந்துச்சுல்லா, அந்த மாசம் பூரா" என்றார். "அது விட்டுச்சா?"

நான் அதைக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். "தெரியல அண்ணாச்சி" என்றேன்.

"அடுத்த தடவ போனா கேட்டுட்டு வா" என்றார். மதிய ஷிப்டுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, என்னோடு ஸ்டேஷன் திருப்பம் வரைக்கும் நடந்து வந்துவிட்டு, தொழிற்சாலைப் பக்கம் திரும்பிப் போனார்.